வயிற்றுக்குள் முடி உருண்டை: பிள்ளையின் தலையைத் தொட்டுப் பார்ப்போம்

(தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய தாய்மார் கூட்டத்தில் எமது சுகாதாரக் குழுவினர் ஆற்றிய உரை. வர முடியாமல் போனவர்களுக்காக இங்கே எழுத்தில் தருகிறோம்.)



ஆறு நாள் மலையேறி, ஏழாவது நாள் கிடைக்கிற ஓய்வையும் எங்களுக்காக விட்டுக்கொடுத்து வந்திருக்கிறீர்கள். வீட்டிலே துணி கிடக்கும், விறகு பொறுக்கப் போகணும், கடைக்குப் போகணும். அது எங்களுக்கும் தெரியும். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

வழக்கமாக நாங்கள் வந்தால் கொதித்தாறிய தண்ணீரைப் பற்றிச் சொல்லுவோம், இரத்தசோகையைப் பற்றிச் சொல்லுவோம், பூச்சி மாத்திரையைப் பற்றிச் சொல்லுவோம். இன்றைக்கு நாம் பேசப் போவது அடிக்கடி காணாத ஒரு நோய். ஆனால் கவனிக்காமல் விட்டால் உயிரையே கொண்டுபோகக்கூடியது. பெரும்பாலும் வளர்கிற பெண்பிள்ளைகளுக்கே வருவது. அதைக் கண்டுபிடிக்கிற வழியோ உங்கள் கையிலேயே இருக்கிறது.

பிள்ளையை இஸ்தோப்பில் உட்கார வைத்துப் பேன் பார்க்கிறீர்கள் அல்லவா? அப்போது தலையில் ஓரிடத்தில் முடி கட்டையாக, ஒடிந்து ஒடிந்து, தரிசு மாதிரித் தெரிந்தால் என்ன செய்வீர்கள்? "எண்ண தேய்க்காம காஞ்சி போயிருக்கு" என்று சொல்லி எண்ணெய் வைத்துப் பின்னிவிடுவோம். ரெட்டைப் பின்னலும் ரிப்பனும் அந்த இடத்தை மறைத்துவிடும். அந்த இடத்தில்தான் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

கோயம்புத்தூரில் நடந்தது

2020ஆம் ஆண்டு ஜனவரி மாதம் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வந்தது. கோயம்புத்தூரில் 13 வயதுப் பெண்பிள்ளை ஒன்று. பல மாதங்களாக வயிற்றுவலி. அங்குள்ள வி.ஜி.எம். வைத்தியசாலைக்குப் பெற்றோர் கொண்டுபோனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது இரைப்பைக்குள் பந்து மாதிரி ஒன்று தெரிந்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு எடுக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. பிறகு சத்திரசிகிச்சை செய்தார்கள். உள்ளே இருந்தது ஏறக்குறைய அரைக் கிலோ முடி. கூடவே வெறும் ஷாம்பு பாக்கெட்டுகள்.

நெருங்கிய உறவினர் ஒருவர் இறந்துபோன துயரத்தில் அந்தப் பிள்ளை மனம் உடைந்து, தன் முடியையும் பாக்கெட்டுகளையும் தின்னத் தொடங்கியதாகச் செய்தியில் சொல்லப்பட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் நாம் யோசிக்க வேண்டியது இதுதான்: அரைக் கிலோ முடி ஒரு நாளில் சேராது. ஒவ்வொரு முடியாக, மாதக்கணக்காக, வருஷக்கணக்காகச் சேர்ந்தது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் யாருக்கும் தெரியவில்லை. அது பெற்றோரின் குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. இந்தப் பழக்கம் இரகசியமானது. போர்வைக்குள்ளே நடப்பது, புத்தகத்துக்குப் பின்னால் நடப்பது.

வயிற்றுக்குள் என்ன நடக்கிறது?

நம்முடைய பீலிக்கரையை நினைத்துப் பாருங்கள். தலை குளித்துவிட்டுப் போனால் உதிர்ந்த முடி கானுக்குள் போய் எங்காவது சிக்கிக்கொள்ளும். அதிலே சவர்க்கார நுரை, இலை, துணி நூல் எல்லாம் வந்து சேரும். கொஞ்ச நாளில் ஒரு கட்டி. தண்ணீர் போகாது.

இரைப்பையிலும் அதேதான். சோறு, ரொட்டி, மரக்கறி, இறைச்சி எல்லாவற்றையும் கரைக்கிற இரைப்பை நீருக்கு முடியைக் கரைக்கும் சக்தி இல்லை. முடி வழுக்கும் தன்மை உடையது. அதனால் இரைப்பை எவ்வளவு பிசைந்தாலும் அது குடலுக்குள் தள்ளப்படாமல் இரைப்பையின் மடிப்புகளில் தங்கிவிடுகிறது. ஒன்றோடு ஒன்று சிக்கி உருண்டையாகிறது. சாப்பாட்டுத் துணுக்கும் சளியும் அதிலே ஊறி அழுகுகின்றன. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு வாயில் கெட்ட நாற்றம் வருகிறது. பல் தீட்டினாலும் போகாது. பொன்னிற முடி உள்ள வெள்ளைக்காரப் பிள்ளையின் வயிற்றிலிருந்து எடுத்தாலும் உருண்டை கறுப்பாகத்தான் இருக்கும். இரைப்பையின் அமிலம் நிறத்தை மாற்றிவிடுகிறது.

உருண்டை வளர வளர இரைப்பையின் வடிவத்தையே எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்குப் பசி இருக்காது. இரண்டு பிடி சோற்றிலேயே வயிறு நிறைந்துவிடும். உடம்பு மெலியும், இரத்தம் குறையும். இரைப்பைச் சுவரில் புண் வரலாம், புண்ணிலிருந்து இரத்தம் வரலாம். கடைசியில் சுவர் ஓட்டையாகி வயிறு முழுவதும் சீழ் பரவலாம். சிலருக்கு உருண்டையின் வால் சிறுகுடலுக்குள் நீண்டு குடலை அடைத்துவிடும்.

இது புதிய நோய் அல்ல. 1779இல் பொடமான் என்ற பிரெஞ்சு வைத்தியர் 16 வயதுப் பையன் ஒருவனிடம் இதைக் கண்டு எழுதிவைத்தார். 1883இல் ஷோன்போர்ன் என்பவர் முதன்முதலாக வயிற்றைத் திறந்து இத்தகைய உருண்டையை எடுத்தார். வால் நீண்ட உருண்டைக்கு 1968இல் வைத்தியர்கள் ஒரு பெயர் வைத்தார்கள்: 'ரப்புன்செல் நோய்'. ரப்புன்செல் என்பவள் ஐரோப்பியக் கதையில் வருகிற நீண்ட கூந்தல்காரி.

2007இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் 18 வயதுப் பெண் ஒருவரின் வயிற்றிலிருந்து எடுத்த உருண்டையின் நிறை ஏறத்தாழ நாலரைக் கிலோ. அந்தப் பெண் பிழைத்தார். 2017இல் இங்கிலாந்தில் 16 வயது மாணவி ஒருவர் பிழைக்கவில்லை. உருண்டையால் வந்த புண் வெடித்து இறந்துபோனார். வசதியான நாடு, படித்த சமூகம், பக்கத்திலேயே வைத்தியசாலை. அங்கேயே இப்படி என்றால், டவுனுக்குப் போக பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் காத்து நிற்கிற நாம் எவ்வளவு கவனமாக இருக்கணும்?

ஏன் முடியைப் பிடுங்குகிறார்கள்?

"கொழுப்பு", "பேய் புடிச்சிருக்கு", "கெட்ட பழக்கம்". இந்த மூன்று பதிலையும் நாங்கள் கேட்டிருக்கிறோம். மூன்றும் பிழை.

முடியைப் பிடுங்காமல் இருக்க முடியாத ஒரு மனத் தவிப்பு இது. 1889இல் அலோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் வைத்தியர் இதற்குப் பெயர் வைத்தார். பெரும்பாலும் 10 வயதிலிருந்து 13 வயதுக்குள், அதாவது பிள்ளை பெரியவளாகிற பருவத்தில் தொடங்குகிறது. நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ வாழ்க்கையில் ஏதாவது ஒரு காலத்தில் இது இருக்கலாம் என்று சொல்கிறார்கள். பையன்களுக்கும் வரும். பிடுங்கும்போது மனதிலே இருந்த இறுக்கம் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கும். பிறகு வெட்கம் வரும். வெட்கத்தில் மறுபடி இறுக்கம். மறுபடி கை தலைக்குப் போகும். பல நேரம் கை தலையில் இருப்பதே பிள்ளைக்குத் தெரியாது. படிக்கும்போது, டீ.வி. பார்க்கும்போது, தூக்கம் வராமல் கிடக்கும்போது நடக்கும்.

பிடுங்குகிறவர்களில் ஒரு பகுதியினர்தான் முடியை வாயில் வைத்துக் கடிக்கிறார்கள், விழுங்குகிறார்கள். விழுங்குகிறவர்களிலும் மிகச் சிலருக்கே உருண்டை கட்டுகிறது. ஆகவே பின்னல் நுனியைச் சப்புகிற பிள்ளையைப் பார்த்தவுடனே பயந்துவிட வேண்டாம். சின்னஞ்சிறு குழந்தை தூங்கும்போது முடியைச் சுருட்டுவதும் பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். ஆனால் விழுங்கும் பழக்கம் தொடர்ந்தால் பார்த்துக்கொண்டு இருக்கக் கூடாது.

மனத்தவிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். அம்மா குவைத்துக்கோ சவூதிக்கோ வீட்டுவேலைக்குப் போயிருக்கிறார். அப்பா கொழும்பில் கடையில் நிற்கிறார். பிள்ளை அம்மாயியோடு லயத்தில். தம்பியைப் பார்க்கணும், தண்ணி எடுக்கணும், பள்ளிக்கூடமும் போகணும். அடுத்த காம்பிராவில் இரவில் குடித்துவிட்டுச் சண்டை. மனதிலே இருப்பதைச் சொல்ல ஆள் இல்லை. அம்மாயிக்குப் பாசம் இருக்கிறது, ஆனால் கண் சரியாகத் தெரியாது. இந்தப் பிள்ளையின் கை தலைக்குப் போனால் அது கொழுப்பா?

எல்லாவற்றுக்கும் துயரம்தான் காரணம் என்றும் சொல்ல முடியாது. அன்பான வீட்டிலும் இது வருகிறது. உடம்பும் மூளையும் சம்பந்தப்பட்ட விஷயம். அதோடு இன்னொன்று: இரும்புச்சத்துக் குறைந்தவர்களில் சிலருக்கு மண், பச்சை அரிசி, சோக்குத் துண்டு, செங்கல் என்று உணவல்லாததைத் தின்கிற ஆசை வருகிறது. முடி தின்பதும் அதில் சேரலாம். இரத்தசோகை நமது மலைகளில் பழைய விருந்தாளி. ஆகவே இரத்தத்தையும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

நாம் செய்கிற மூன்று பிழைகள்

முதலாவது, "பூச்சி". பிள்ளைக்கு வயிறு வலித்தால் பூச்சி மாத்திரை. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டோம். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். வயிற்றுவலி என்று வருகிற பிள்ளைக்கு மாத்திரையைக் கொடுத்து, "வெறும் வயித்துல இருக்காத" என்று சொல்லி அனுப்பிவிடுவோம். தலையில் கட்டியிருந்த ஸ்காஃபை அவிழ்த்துப் பார்க்க எங்களுக்கும் தோன்றியதில்லை. பூச்சி மாத்திரை தேவையானதுதான். ஆனால் மாத்திரை போட்ட பிறகும் வலி மாதக்கணக்காக நின்றால் அது பூச்சி அல்ல.

இரண்டாவது, "மருந்து வச்சிட்டாங்க". பிள்ளை வாந்தி எடுக்கிறது, வாந்தியிலே முடி வருகிறது. உடனே நம் சனங்களுக்குச் செய்வினை ஞாபகம் வரும். யாரோ சோற்றிலே இடுமருந்து வைத்துவிட்டார்கள் என்று கோடாங்கியிடமோ மருந்து எடுக்கிறவரிடமோ ஓடுவோம். அவர் ஊதி, உறிஞ்சி, ஒரு கொத்து முடியை எடுத்துக் காட்டுவார். மனம் ஆறிவிடும். பிள்ளையின் வயிற்றிலே உள்ள உருண்டை அப்படியேதான் இருக்கும். வாந்தியில் முடி வந்தால் அது பிள்ளையின் சொந்த முடி. வேண்டுதலை நாங்கள் தடுக்கவில்லை. கோயிலுக்குப் போங்கள், திருநீறு பூசுங்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்கும் போங்கள்.

மூன்றாவதைச் சொல்ல வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்லியே ஆகணும். கலியாணம் ஆகாத பிள்ளை. வாந்தி எடுக்கிறாள், சாப்பாடு பிடிக்கவில்லை, மேல்வயிற்றிலே மேடு தெரிகிறது. லயத்திலே என்ன பேச்சு கிளம்பும்? பீலிக்கரையில் தொடங்கி மலைக்கு, மலையிலிருந்து ஸ்டோருக்கு. அந்தப் பேச்சுக்குப் பயந்தே தாய் பிள்ளையை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவாள். வைத்தியரிடம் போக வேண்டிய நாட்கள் இப்படியே போய்விடும். அக்காமாரே, அடுத்த வீட்டுப் பிள்ளையின் வயிற்றைப் பற்றி ஒரு சொல் சொல்லுவதற்கு முன்னால் யோசியுங்கள். நம்முடைய வாய் ஒரு பிள்ளையைக் கொன்றதாக இருக்கக் கூடாது.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

1. தலையில் ஓரிடத்தில் முடி குறைந்திருத்தல். தொட்டுப் பார்த்தால் கட்டை கட்டையாக, நீளம் வேறு வேறாக ஒடிந்த முடி இருக்கும். புழுவெட்டு என்றால் இடம் வழவழவென்று இருக்கும். படர்தாமரை என்றால் செதில் இருக்கும். புருவமும் இமை முடியும் குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

2. பிள்ளை எந்நேரமும் தொப்பி, ஸ்காஃப் போட்டிருத்தல். தலைவாரிவிட ஒருவரையும் விடாமல் இருத்தல்.

3. தலையணைக்கு அடியில், கட்டிலுக்குக் கீழே முடி கிடத்தல். மலத்திலோ வாந்தியிலோ முடி வருதல்.

4. கொஞ்சம் சாப்பிட்டதும் "வயிறு நெறஞ்சிருச்சி" என்று சொல்லுதல், உடம்பு மெலிதல், முகம் வெளுத்தல்.

5. மேல்வயிற்றில் வலி, அடிக்கடி வாந்தி, வாய்நாற்றம்.

6. மேல்வயிற்றைத் தடவினால் கட்டியாக, கொஞ்சம் நகரக்கூடியதாக ஒன்று தட்டுப்படுதல்.

முடியில் ஓர் அடையாளமும் வயிற்றில் ஓர் அடையாளமும் சேர்ந்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது, என்ன சொல்வது?

முதலில் தோட்டத்து டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கிக்கொள்ளுங்கள். அட்டன் பக்கத்தவர்களுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்தவர்களுக்கு மாவட்டப் பொது வைத்தியசாலை இருக்கிறது. தேவைப்பட்டால் அவர்கள் கண்டிக்கோ பேராதனைச் சிறுவர் வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசு இல்லை. கடுமையான வலி, நிற்காத வாந்தி, இரத்த வாந்தி, வயிறு பலகை மாதிரி இறுகுதல், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் 1990க்கு எடுத்து இலவச அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வைத்தியரிடம் வயிற்றுவலி என்று மட்டும் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் வயிற்றுவலிக்கு மருந்து கிடைக்கும், திரும்பி வருவீர்கள். "பிள்ளை முடியைப் பிடுங்கித் தின்கிறாள்" என்று சொல்லுங்கள். சிங்களத்தில் சொல்ல வேண்டி வந்தால் "துவ கொண்டே கனவா" என்றால் போதும். வெட்கப்பட்டு மறைக்கிற அந்த ஒரு வாக்கியம்தான் வைத்தியருக்குத் தேவையான வாக்கியம்.

ஸ்கேன் எடுப்பார்கள். குழாய் விட்டுப் பார்ப்பார்கள். சின்னதாக இருந்தால் சில வேளை குழாய் வழியாகவே எடுக்கலாம். பெரிதானால் ஒப்பரேஷன்தான். இரைப்பையைத் திறந்து உருண்டையை எடுத்துத் தைத்துவிடுவார்கள். கவனமாகச் செய்யும்போது பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத் தேறி வருகிறார்கள்.

வீட்டிலே பேதி மருந்து கொடுக்காதீர்கள். விளக்கெண்ணெய் கொடுத்துக் "கீழ போயிரும்" என்று பார்க்காதீர்கள். குடல் அடைத்திருக்கும்போது பேதி கொடுத்தால் ஆபத்து. வயிற்றை உருவிவிடவும் வேண்டாம். மரக்கறி நார், பழ நார் கட்டிய உருண்டையைக் கரைக்கச் சில இடங்களில் கோலா குடிக்கக் கொடுக்கிறார்கள். முடி அதற்கும் கரையாது.

ஒரு பேர் போய்விடுமே என்ற கவலை எங்களுக்குப் புரிகிறது. பிள்ளையோடு கிளினிக்குக்குப் போனால் அன்றைய சம்பளம் இல்லை. ஆனால் இன்றைக்கு ஒரு பேரை மிச்சம் பிடித்தால், பிறகு வார்ட்டில் பிள்ளை கிடக்கும்போது எத்தனை பேர் போகும்? தகப்பன்மார்களுக்கும் சொல்கிறோம்: அம்மா மட்டுந்தான் கூட்டிப் போகணும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

உருண்டையை எடுத்தால் முடிந்ததா?

முடியவில்லை. உருண்டை வயிற்றிலே கட்டியது, காரணம் மனதிலே. மனதுக்கு வைத்தியம் பார்க்காவிட்டால் மறுபடி உருண்டை கட்டலாம். அப்படி இரண்டாம் முறை ஒப்பரேஷன் செய்யப்பட்டவர்கள் உலகில் இருக்கிறார்கள். ஆகவே வைத்தியர் மனநல கிளினிக்குக்கு எழுதிக் கொடுத்தால் "எம்புள்ள என்னா பைத்தியமா?" என்று சண்டைக்குப் போகாதீர்கள். காலிலே முள் குத்தினால் முள்ளை எடுக்கிறோம். இதுவும் அதுதான்.

அங்கே என்ன செய்வார்கள்? 1973இல் அஸ்ரின், நன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எழுதிய ஒரு முறை இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கை எப்போது தலைக்குப் போகிறது என்று பிள்ளையே கவனிக்கப் பழகுவது. போகப் பார்க்கும்போது அந்தக் கைக்கு வேறு வேலை கொடுப்பது: கையை இறுக மூடிக்கொள்வது, நூல் பின்னுவது, ஒரு பந்தை நசுக்குவது. செய்ததைப் பாராட்ட வீட்டிலே ஒருவர் இருப்பது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பொறுமையாகச் செய்தால் பலன் தருகிறது. பிடுங்குவது நின்றால் பெரும்பாலும் முடி மறுபடி வளரும்.

வீட்டிலே செய்யக் கூடாதவை: அடிப்பது, மிளகாய் பூசுவது, சனங்களுக்கு முன்னால் தலையைக் காட்டி அவமானப்படுத்துவது, தண்டனையாக மொட்டையடிப்பது. பயந்த பிள்ளை பிடுங்குவதை நிறுத்தாது, இன்னும் நன்றாக ஒளிக்கும்.

செய்ய வேண்டியது: ஒரு நாளில் கால் மணித்தியாலம். அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, தலையைத் தடவி, "என்னம்மா மனசுல?" என்று கேட்பது. பதில் உடனே வராது. நாளைக்கும் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற தாய்மார் போனில் பேசும்போது காசு வந்ததா, பரீட்சையில் எத்தனை மார்க்ஸ் என்று கேட்பதோடு இதையும் கேளுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை

பின்னால் உட்கார்ந்திருக்கிற தங்கச்சிமாரே, தம்பிமாரே! உங்களில் ஒருவர் இதைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத் தலையிலிருந்து கையை எடுத்திருக்கலாம். நாங்கள் யாரையும் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: உலகத்தில் இதைச் செய்கிற ஒரே ஆள் நீங்கள் அல்ல. நீங்கள் கெட்ட பிள்ளையும் அல்ல. நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். அம்மா, அம்மாயி, டீச்சர், பிள்ளைப் பராமரிப்பு நிலையத்து அக்கா, யாராக இருந்தாலும் சரி. நேரில் சொல்ல முடியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் பேசலாம். சொன்ன பிறகு யாராவது சிரித்தால் அது அவர்களுடைய அறியாமை. உங்களுடைய வெட்கம் அல்ல.

தாய்மாரே, இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு மடியில் தலையைச் சாய்க்கச் சொல்லுங்கள். பேன் பார்க்கிற மாதிரி பாருங்கள். ஒன்றும் இல்லாவிட்டால் சந்தோஷம். பிள்ளைக்கு அம்மாவின் கை கொஞ்ச நேரம் கிடைத்ததாக இருக்கட்டும். ஏதாவது தட்டுப்பட்டால் சத்தம் போடாதீர்கள், விடிந்ததும் டிஸ்பென்சரிக்கு வாருங்கள்.